அத்தியாயம் 14: கீழ் அடுக்கில் ஐந்து எலிகள்

தம்பி வீட்டு டிரம்மின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஒன்றுமே பார்க்காதவள் போலக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த அக்காவை ஞாயிற்றுக்கிழமையோடு விட்டிருந்தோம். இன்று வியாழன். அந்த நான்கு நாளும் அவளுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, சொல்ல வேண்டிய வார்த்தையும் வாயை விட்டு வரவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்காவுக்கு வேலை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். எலிகளின் உறுப்புகளை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவது அவள் தொழில். சாயம் தயாரிக்கப் பயன்படும் ஒரு பழுப்புப் பொடியை இரண்டு வருடமாக அங்கே எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்துவந்தார்கள். அது புற்றுநோயை உண்டாக்கும் என்பது பழைய செய்தி. எவ்வளவு கொஞ்சம் உள்ளே போனால் போதும் என்பதுதான் கேள்வி.

சிறுநீர்ப்பையில் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தவள், மூன்று வாரத்துக்கு முன்பு, தேடாத இடத்தில் வேறொன்றைப் பார்த்தாள். சில எலிகளின் இதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை தடித்து, ஆறின பாலின் மேல் ஏடு படிந்த மாதிரி சுருங்கிக் கிடந்தது. இதய உறையில் அழற்சி. பொடியால் அப்படி வரும் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதே பொடியைத்தான் அவளுடைய தம்பி சாயத் தொழிற்சாலையில் தினமும் கரண்டியால் அள்ளித் தொட்டியில் கொட்டுகிறான். இது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து கழுவிக் கொண்டுவந்த காலி டிரம் ஒன்றில் தன் ஐந்து வயது மகளின் துணிகளைப் போட்டுவைத்திருந்தான் தம்பி. டிரம்மின் பக்கவாட்டில் பாதி கிழிந்த சீட்டு. அதிலிருந்த எண்ணும் ஆய்வுக்கூடத்து பாட்டிலின் எண்ணும் ஒன்று.

வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவளிடம் இரண்டு காரணம் இருந்தது. அறிக்கை போகும்வரை ஆய்வில் கண்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அது சின்னக் காரணம். பெரிய காரணம், அவளுக்கே நிச்சயமில்லை.

துறைத் தலைவர் கேட்ட கேள்வி அப்படி. எலிக்கூடத்தில் ஏதாவது தொற்று பரவினாலும் இதயம் இப்படித்தான் வீங்கும். பொடி தின்னாத எலிகளின் இதயத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. ஆய்வுத் திட்டத்தில் அது கிடையாது. அப்படியானால் இதயத்தைப் பற்றிய பக்கம் அறிக்கையில் வேண்டாம் என்று எடுத்துவிட்டார். கெட்டவர் இல்லை. பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார், ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் பார்த்து முடியுங்கள் என்றும் சொல்லியிருந்தார். வியாழன் மாலை நான்கு மணிக்கு அறிக்கை பாதுகாப்புக் குழுவுக்குப் போகிறது. அந்தப் பொடியைத் தொழிற்சாலைகள் எப்படிப் புழங்கலாம் என்று தீர்மானிக்கிற குழு அது.

ஆகவே அறுபது இதயம். நாற்பது, பொடி தின்ற எலிகளுடையவை. இருபது, வெறும் தீனி தின்றவை. எது எது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் எலிக்கூடத்தைக் கவனித்துக்கொள்பவர் தகடுகளுக்குப் புது எண் ஒட்டி, எந்த எண் எந்த எலி என்ற தாளை ஓர் உறையில் போட்டு, பசை தடவித் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். நிலையத்தில் அவரை எல்லோரும் எலியப்பா என்பார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்புவதே சந்தேகம்.

காலை பத்து மணிக்கு நாற்பத்தொன்பது தகடு முடிந்திருந்தது. பதினொன்று பாக்கி. அப்போதுதான் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது.

தம்பி மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எத்தனாவது மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, அவளுக்கு எதைச் சொன்னாலும் அதே குரல்தான் வரும். பிரசவ வலி வந்தபோதுகூட அந்தக் குரலில்தான் சொன்னாள், தம்பி முழுதாக ஐந்து நிமிடம் செய்தித்தாளைக் கீழே வைக்கவில்லை. இப்போதும் அதே நிதானம். மூன்று நாளாக அவருக்கு நெஞ்சு வலி, தொழிற்சாலை மருத்துவமனையில் வயிற்றில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை, உங்களிடம் ஏதாவது நல்ல மாத்திரை இருக்குமா என்று கேட்டாள்.

எப்படி வலிக்கிறது என்று அக்கா கேட்டாள்.

"படுத்தா வலிக்குதாம். எழுந்து உக்காந்து, தலைகாணியைக் கட்டிப் பிடிச்சு முன்னால குனிஞ்சா குறையுதாம். ராத்திரி பூரா அப்படித்தான் உக்காந்திருக்கார்."

அக்கா கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள். குனிந்தால் குறைகிற வலி எது என்று படித்திருக்கிறாள்.

"இப்போ எங்க இருக்கான்?"

"வேலைக்குப் போயிட்டார். நீலம் போடற நாளாம், அவர் இல்லாம ஆகாதாம்."

நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வருகிறேன், நீ நேராக அங்கே வந்துவிடு என்றாள் அக்கா. இவ்வளவு அவசரம் எதற்கு என்று அவள் கேட்டதற்கு பதில் சொல்லாமல் போனை வைத்தாள்.

சாயத் தொழிற்சாலை வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொன்னான். கலவைக் கூடத்துக்கும் வாசலுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கும். அதற்குள் தம்பி இரண்டு இடத்தில் நின்றான், சுவரொட்டியைப் படிப்பவன் போலவும் செருப்பைச் சரிசெய்பவன் போலவும். தொழிற்சாலையில் அவனுக்கு வானவில் என்று பெயர். நகக்கண்ணில் எந்த நாளும் இரண்டு நிறமாவது இருக்கும்.

"என்னக்கா, வாசல் வரைக்கும் வந்துட்ட. புடவைக்குச் சாயம் போடணுமா?"

சிரித்தான். சிரிப்புக்குப் பிறகு மூச்சு வாங்கியது. கழுத்தின் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்து நின்றதை அக்கா பார்த்தாள். மருத்துவமனைக்கு வா என்றாள். அவன் சாயங்காலம் பார்க்கலாம் என்றான். தொட்டி பாதியில் நிற்கிறது, இப்போது விட்டுவிட்டு வந்தால் நீலம் கறுத்துவிடும், மேற்பார்வையாளர் உயிரை எடுத்துவிடுவார் என்று அடுக்கினான். அவன் கண்ணால் பார்த்துச் சேர்க்கிற நிறத்தை இயந்திரம் கொண்டு வராது என்று ஊழியர்களிடையே பேச்சு உண்டு. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

அக்கா காவலாளியின் காது எட்டாத இடத்துக்கு அவனை நகர்த்திக்கொண்டு போனாள்.

"நீ அள்ளிக் கொட்டுற பழுப்புப் பொடி இருக்கே. அதைத்தான் நான் ரெண்டு வருஷமா எலிக்குக் குடுத்துப் பார்க்கிறேன்."

தம்பி அவளையே பார்த்தான். "எலிக்கு என்ன ஆச்சு?"

"சிலதுக்குக் கட்டி வந்துச்சு. அது வர நாளாகும். சிலதுக்கு இதயத்தோட மேல் உறை வீங்கியிருக்கு. அது பொடியாலதானான்னு இன்னும் தெரியலை."

"உனக்கு எப்போ தெரியும்?"

"வீக்கம் தெரிஞ்சு மூணு வாரம். நீ அதைத் தொடுறேன்னு தெரிஞ்சு நாலு நாள்."

அவன் தன் நகங்களைப் பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கையுறையைக் கழற்றிக் காவலாளியின் மேசையில் வைத்தான், தொட்டியை நிறுத்தச் சொல் என்று சொல்லி அனுப்பினான். ஆட்டோவில் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்.

"அவகிட்ட மட்டும் இதைச் சொல்லாதே. டிரம்முல குழந்தை துணி வெச்சது நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

மருத்துவமனையில் தம்பி மனைவி அவர்களுக்கு முன்பே வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பஸ் நிலையத்துச் சீருடையை மாற்றவில்லை. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளைஞர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் கேஸ் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதய உறையில் அழற்சி, பெரும்பாலும் ஏதாவது வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வருவது, பத்து நாள் மாத்திரையில் அடங்கிவிடும் என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். எக்கோ ஸ்கேனுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார். இயந்திரம் ஒன்றுதான், அதற்கு முன்னால் முப்பது பேர்.

தம்பி மனைவியின் முகம் தெளிந்தது. மாத்திரையில் போகிற வியாதி என்று கேட்டதும் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். தம்பி அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவன் கேட்டுக்கொண்டதை ஞாபகப்படுத்தும் அசைவு.

கையெழுத்துப் போட்ட காகிதம் ஒரு பக்கம், தம்பி கேட்டுக்கொண்டது ஒரு பக்கம். கழுத்தில் புடைத்த அந்தக் குழாய் அக்காவின் கண்ணெதிரே இருந்தது.

"டாக்டர், இவன் சாயத் தொழிற்சாலையில ஒரு ரசாயனத்தைத் தினமும் அள்ளுறான். அதே ரசாயனத்தைத் தின்ன எலிகளுக்கு இதய உறை வீங்கினதை நான் என் கண்ணால பார்த்தேன். நான் அந்த ஆய்வுலதான் வேலை செய்யறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, எத்தனை எலி, ரசாயனம் தின்னாதவற்றைப் பார்த்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது. இன்னும் முடியவில்லை என்றாள்.

"முடியாததை வெச்சு என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஸ்கேனை இன்னைக்கே எடுங்க. அது போதும். அவன் கழுத்தைப் பாருங்க."

டாக்டர் எழுந்து வந்து கழுத்தைப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொல்லி நாடியைப் பிடித்தார். இழுக்கும்போது நாடி காணாமல் போய், விடும்போது திரும்ப வந்தது. அவர் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. முப்பது பேரைத் தாண்டி அவனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள்.

திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். தண்ணீர். அது நாலு பக்கமும் நெருக்க, விரிய இடமில்லாமல் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓரத்தில் உள்வாங்கிக்கொண்டிருந்தது. உடனே ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை வரை தாங்கியிருக்குமா என்று அக்கா கேட்கவில்லை. டாக்டரும் தானாகச் சொல்லவில்லை.

கதவு மூடிய பிறகு அக்காவும் தம்பி மனைவியும் மட்டும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் கைப்பை.

தம்பி மனைவி முதலில் போனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டு டிரம்மைத் திறக்க விடாதீர்கள், காரணம் அப்புறம் சொல்கிறேன் என்றாள். அக்கா டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி மனைவியே ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் இன்று கேட்டதையும் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

"டிரம்மைப் பார்த்தீங்க. அதுல குழந்தை துணி இருக்கறதையும் பார்த்தீங்க."

"ஆமா."

"மூடிட்டு வந்து, என் கையால வாங்கிச் சாப்பிட்டீங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நிச்சயமாத் தெரிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"நிச்சயமாத் தெரியற வரைக்கும் யாரோட நெஞ்சு தாங்கணும், அக்கா?"

பஸ் மேடை எண் சொல்கிற அதே குரல். சத்தம் கூடவில்லை, நடுங்கவில்லை. கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். தம்பி மனைவி எழுந்து எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கைப்பை இந்தப் பெஞ்சிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கலாமா கூடாதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். கிட்டத்தட்ட அரை லிட்டர் எடுத்திருந்தார்கள். நீர் லேசாகச் சிவந்திருந்தது. காரணம் கண்டுபிடிக்கப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நான்கைந்து நாளாகும். ஆனால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, மூச்சு சீரானது, இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார் என்றார்.

மல்லாந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் தம்பி மனைவி முகத்தைச் சீருடைத் துணியில் புதைத்துக்கொண்டாள். மூன்று நாளாக அவள் புருஷன் மல்லாந்து படுத்ததில்லை. அவள் அழுது அக்கா பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்போதும் சத்தமில்லை.

ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். தம்பி மனைவி போனாள். கதவருகில் திரும்பி, நான்கு மணிக்கு ஏதோ வேலை என்றீர்களே, போங்கள் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றாள். மன்னித்தாளா, விரட்டினாளா என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அக்கா யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு அவள் பாக்கியிருந்த பதினொரு தகட்டையும் பார்த்து முடித்தாள். அறுபதில் இருபத்திரண்டு இதயங்களில் அழற்சி. நோட்டை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள். எலியப்பாவும் வந்தார். தலைவர் மேசை இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தார்.

அவர் அதைக் கிழிக்கும் முன் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி என்ன வேலை செய்கிறான், இப்போது எங்கே படுத்திருக்கிறான், மருத்துவமனையில் தான் என்ன சொன்னாள், எதையும் மறைக்கவில்லை.

தலைவர் உறையைத் திரும்ப மேசைமேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இந்தத் தகடுகளை நீங்க படிச்சீங்கன்னு எழுதினா, தம்பி பாசத்துல எழுதினதுன்னு ஒரே வரியில தள்ளிடுவாங்க. எண் மாத்தி ஒட்டினோம்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"அப்போ பக்கம் போகாதா?"

"நீங்க படிச்சதை ஒதுக்கி வெச்சுடுவோம். அறுபதையும் நான் முதல்லேர்ந்து படிக்கிறேன். அந்தப் பக்கத்துல உங்க பேர் இருக்காது. சம்மதமா?"

இதயத்தில் அந்த ஏட்டை முதலில் கண்டவள் அவள். வேறு யாரும் தேடாததைக் கண்டு, ராத்திரி பகலாகச் சீவித் தகட்டில் ஒட்டி, கழுத்து பிடித்துக்கொண்டு கிடந்தவள். ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு புதிய விஷயத்தோடு தன் பேர் சேர்வது வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் நடக்கும். அவள் நோட்டை மூடி அவர் மேசையில் வைத்தாள். சம்மதம் என்றாள்.

தலைவர் குழுவுக்குப் போன் செய்து ஆறு மணி வரை நேரம் கேட்டார். காரணம் கேட்டதற்கு, ஒரு பக்கம் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம். அக்கா அந்த அறையில் இருக்கக் கூடாது என்பதால் வெளியே நடந்தாள். எலியப்பா இரண்டு முறை டீ கொண்டுவந்தார். அவள் இரண்டையும் ஆறவிட்டாள். பொடி தின்னாத எலிகள் சுத்தமாக இருந்தால் பொடிதான் காரணம். அவற்றிலும் நிறைய வீங்கியிருந்தால் தொற்று. தம்பியை ஊசிக்கு அனுப்பியது தப்பான காரணம், சரியான முடிவு என்றாகிவிடும். எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. தன் கண் சரியாக இருக்க வேண்டுமென்றால் தம்பியின் நெஞ்சில் விஷம் இருக்க வேண்டும்.

ஐந்தரைக்குத் தலைவர் கதவைத் திறந்தார். அவர் கணக்கில் இருபத்தொன்று. ஒரே ஒரு தகட்டில்தான் இருவரும் வேறுபட்டிருந்தார்கள். உறையை எலியப்பாவே கிழித்தார்.

இருபத்தொன்றில் பதினாறு, பொடி தின்ற எலிகள். ஐந்து, தின்னாதவை.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். தின்னாததுக்கும் வந்திருக்கிறதே, தொற்றாக இருக்கலாம் என்று நான் சொன்னேனே என்றார். குரலில் வெற்றி எதுவும் இல்லை, சோர்வுதான்.

எலியப்பா தாளை விடவில்லை. விரலால் ஐந்து எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எதையோ யோசித்தார்.

"இந்த அஞ்சும் கீழ் அடுக்கு," என்றார்.

என்ன கீழ் அடுக்கு என்று தலைவர் கேட்டார். எலியப்பா விளக்கினார். பொடி தின்னாத எலிகளில் பத்தைச் சுவரோரத்தில் தனி அடுக்கில் வைத்திருந்தார்கள். இடம் போதாமல் மற்றப் பத்தைப் பொடி தின்கிற எலிகளின் கூண்டுகளுக்குக் கீழே வைத்தார்கள். மேலே தீனி கொட்டும்போது தூள் கீழே இறங்கும். கீழ்க்கூண்டுகளின் கம்பியில் பழுப்பாகப் படிந்திருப்பதைத் தினமும் துடைப்பவர் அவர்தான். சுவரோரத்துப் பத்தில் ஒன்றுக்குக்கூட வீக்கமில்லை. ஐந்தும் கீழ் அடுக்கு.

அக்காவின் மனக்கண்ணில் எலிக்கூடம் போய்த் தொழிற்சாலைக் கலவைக் கூடம் வந்து நின்றது. தின்ன வேண்டியதில்லை. தூள் விழுகிற இடத்தில் இருந்தாலே போதுமோ என்னவோ.

தலைவர் ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுத மாட்டார் என்று சொன்னேனே. அவர் அப்போதும் விடவில்லை. மேலே நோய் இருந்தால் கீழேயும் தொற்றும், பக்கத்தில் இருப்பது இரண்டுக்கும் பொருந்தும் என்றார். அக்காவும் ஒப்புக்கொண்டாள். இரண்டில் எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அப்படியே எழுதுங்கள், தெரியாது என்று எழுதுவதற்காவது ஒரு பக்கம் கொடுங்கள் என்றாள்.

அவர் எழுதினார். பதினாறு, ஐந்து, கீழ் அடுக்கு, சுவரோரம், தூள், தொற்று, எல்லாம். கடைசி வரியை மூன்று தடவை அடித்து எழுதினார்: காரணம் தெளிவாகும்வரை இப்பொருளின் தூளை மனிதர் சுவாசிக்காதபடி பார்த்துக்கொள்வது நல்லது. கீழே தன் கையெழுத்து மட்டும். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறிக்கை போய்ச் சேர்ந்தது.

அக்கா தன் மேசைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினாள். போன் அடித்தது. தம்பி மனைவி.

அவர் தூங்கி எழுந்துவிட்டார், கஞ்சி குடித்தார், நீலம் கறுத்ததா என்று விசாரிக்கிறார் என்றாள். அக்காவுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. தம்பி மனைவி சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னார் என்றாள்.

"அவரோட கலவைக் கூடத்துல இன்னும் மூணு பேருக்கு இதே வலியாம். மூணு பேருக்கும் கேஸ்னு மாத்திரை குடுத்திருக்காங்களாம். ஒருத்தர் உக்காந்துக்கிட்டேதான் தூங்கறாராம்."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவர்கள் யார் என்று கேள், வீடு எங்கே என்று கேள், நான் போய்ச் சொல்கிறேன் என்றாள்.

"நீங்க போக வேண்டாம். மூணு வீட்டுக்கும் நான் போன் பண்ணிட்டேன். பெரிய மருத்துவமனைக்கு வாங்க, ஸ்கேன் எடுக்காம திரும்பாதீங்கன்னு சொல்லிட்டேன்." சற்று நிறுத்தினாள். "யார் சொன்னதுன்னு கேட்டாங்க. உங்க பேரையும் நீங்க வேலை செய்யற நிலையத்தையும் சொன்னேன். நீங்க கண்ணால பார்த்தீங்கன்னு சொன்னேன். தப்பா?"

அவள் பெயரில்லாமல் போனால்தான் எடுபடும் என்று அறிக்கையின் அந்தப் பக்கம் குழுவுக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பெயர் இப்போது மூன்று வீட்டில் இருந்தது.

"தப்பில்லை," என்றாள் அக்கா.

சொல்லி முடிக்கும்போது தலைவர் அறையில் போன் ஒலிப்பது கேட்டது. அவர் எடுத்துக் கேட்டார். பிறகு கதவுக்கு வந்து நின்றார். பேனா கையில் இல்லை.

"சாயத் தொழிற்சாலை மேலாளர். மூணு பேர் வேலையைப் போட்டுட்டு மருத்துவமனைக்குக் கிளம்பிட்டாங்களாம். அப்படிச் சொன்னது நீங்களான்னு கேட்கிறார், லைன்ல இருக்கார். நீங்க இங்க இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இருக்கேன்னு சொல்லுங்க," என்று அவர் அறைக்கு நடந்தாள்.